கால் நீண்ட எஞ்சினும் தலையில் கட்டை வைத்த பலகையும்

மச்சான் அந்தப் போட்டை 2023 மாசியில் வாங்கினான். வாங்கிய அன்று பின்னேரமே என்னைக் கூப்பிட்டு எஞ்சினின் குதிரைவலுவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “மச்சான், இதுக்கு நாற்பது போடுவமா, இருபத்தஞ்சு போடுவமா?” போட் அப்போது மட்டக்களப்பு பாலமீன்மடுவில் மாமாவின் வளவில், பூவரசுக்குக் கீழே, இரண்டு தென்னங்குற்றிகளின் மேல் கிடந்தது. முந்தின மாரியில் பெய்த தண்ணீர் இன்னும் அதன் வயிற்றுக்குள் நின்றது. அதில் நுளம்புக் குடம்பி நெளிந்தது. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உச்சியில் சுண்டுவிரல் நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அவன் அதையெல்லாம் பார்க்கவில்லை. கடை கடையாக எஞ்சின் விலை கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.

நான் போட் கட்டுகிறவன் அல்ல. கட்டாரில் பைபர் தண்ணீர்த் தாங்கி செய்யும் இடத்தில் ஏழு வருடம் நின்றவன். றெசின் (இறுகிப் பைபராகும் பிசின்), மெற் (அதற்குள் வைக்கும் கண்ணாடி இழைப் பாய்), ஹார்ட்னர் (றெசினை இறுக்கும் மருந்து) மூன்றோடும் பழக்கம் உண்டு. எஞ்சினைப் பற்றித் தெரிந்ததில் பாதி இந்த வேலைக்குள் படித்தது. அதனால் நான் விட்ட பிழைகளும் இதில் வரும். இதே மாதிரி ஒரு பழைய போட் குப்புறக் கிடக்கும் வளவுகள் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எத்தனையோ உண்டு. அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

போட் வந்த வழி

நீளம் பதினெட்டு அடி, நடுவில் அகலம் ஐந்தடி. 2004 டிசம்பர் 26 சுனாமி நாவலடியைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, அடுத்த வருடம் அங்கே ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த போட் இது. அந்தக் காலத்தில் கிழக்குக் கரை முழுக்கப் புதுப் போட்டுகள் வந்து இறங்கின. சில நல்லவை. சில, றெசின் ஒழுங்காக இறுகுமுன் அச்சிலிருந்து கழற்றிய அவசர வேலை. இது இரண்டுக்கும் நடுவில். அடிப்பகுதி தடிப்பு பரவாயில்லை. பக்கச் சுவர் மெல்லிசு, கையால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும்.

முதல் சொந்தக்காரர் 15 குதிரைவலு எஞ்சின் ஒன்றைப் பூட்டிப் பல வருடம் ஓடினார். அவர் கையில் இருக்கும்வரை பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாமவர் வாங்கி 40 பூட்டினார். மூன்று சீசன் தாண்டவில்லை, பலகை வெடித்து எஞ்சின் ஆடத் தொடங்கியது. எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டுப் போட்டை வெறும் ஓடாகக் கரையில் விட்டார். ஊரில் இதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: “நாற்பதின்ட இழுவைக்கு இது தாங்கல்ல.” நானும் முதல் நாள் அதைத்தான் நம்பினேன். மச்சானுக்கோ அது காதில் ஏறவே இல்லை. பலகையை இரட்டைத் தடிப்பில் போட்டால் நாற்பது தாங்கும் என்பது அவன் கணக்கு.

தராசில் ஏற்றினோம்

எஞ்சின் பேச்சை நிறுத்தி வைத்துவிட்டு நான் முதலில் கேட்டது தராசு. மாமா சிரித்தார். “மனே, போட்ட நிறுத்து விக்கப் போறியா?” நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றை மில்லில் இரவல் வாங்கி வந்தோம். பதினெட்டு அடிப் போட்டை முழுதாக அதில் வைக்க முடியாது. வைக்கவும் தேவையில்லை. உள்ளே நின்ற தண்ணீரை இறைத்து, துடைத்து, இரண்டு நாள் வெயிலில் விட்டு, பின்பகுதியை ஒரு கட்டையில் தாங்கி அணியத்தை, அதாவது முன்பகுதியை, தராசில் வைத்தோம். பிறகு அதே இரண்டு தாங்கு புள்ளிகளையும் மாற்றாமல் அணியத்தைக் கட்டையில் தாங்கிப் பின்பகுதியைத் தராசில் வைத்தோம். இரண்டையும் கூட்டினால் போட்டின் நிறை. போட் மட்டமாக இருக்க வேண்டும், தாங்கும் இடம் நகரக் கூடாது. அவ்வளவுதான்.

வந்தது 412 கிலோ.

இது அதிகமா குறைவா என்று சொல்ல ஒரு ஒப்பீடு வேண்டும். நல்ல காலம், அதே அச்சில் வந்த இன்னொரு போட் நாலு வாடி (மீனவர் கொட்டில்) தள்ளிக் கிடந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருப்பது. அதன் சொந்தக்காரரிடம் கெஞ்சி அதையும் நிறுத்தோம். 288. அதாவது நம்முடைய போட் 124 கிலோ கூட. இரண்டு பெரிய ஆட்கள், கண்ணுக்குத் தெரியாமல், எந்த நேரமும் போட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல.

இந்தப் போட் கடைசிக் காலத்தில் “எழும்பல்ல, முக்கிக்கொண்டு போகுது” என்று இரண்டாமவர் சொன்னாராம். அதற்கு அவர் கண்ட மருந்துதான் பெரிய எஞ்சின். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவதற்காகப் பெற்றோல் எரித்திருக்கிறார்.

தண்ணீர் எங்கே இருந்தது என்று தேட ஒரு பழைய ஐந்து ரூபாய் குற்றி போதும். ஓட்டின் மேல் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். அழுகின இடத்திலோ அடுக்குப் பிரிந்த இடத்திலோ ‘தொப்’ என்று செத்த சத்தம். சோக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். அடியில் மூன்று சின்ன வட்டம். பின்பலகை முழுக்க ஒரே வட்டம். உட்காரும் குறுக்குப் பெட்டிகள் இரண்டும் தட்டவே தேவையில்லாமல் கனத்தன. அவற்றுக்குள்தான் மிதப்பதற்கென்று ஊற்றிய மஞ்சள் போம் இருக்கும். ஒரு பெட்டியின் மூடியை வெட்டி, உள்ளே இருந்து தேங்காய் அளவுக் கட்டி ஒன்றை எடுத்துப் பிழிந்தேன். கழுவின துணியைப் பிழிந்த மாதிரி முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. காற்றறை மூடிய போம் தண்ணீர் குடிக்காது என்று கடையில் சொல்வார்கள். புதிதாக இருக்கும்போது அது உண்மைதான். பதினைந்து வருடம் வெயிலிலும் அலையடியிலும் கிடந்து நொறுங்கின போமுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

பலகைக்குள் என்ன இருந்தது

இந்த ஆய்வின் நடுவிடயம் இதுதான். சற்று நின்று சொல்கிறேன்.

பின்பலகை என்பது வெறும் பைபர் அல்ல. வெளியே ஒரு பைபர் தோல், உள்ளே ஒரு பைபர் தோல், நடுவில் பிளைவூட். பலம் அந்த மூன்றும் ஒன்றாக ஒட்டியிருப்பதில்தான் இருக்கிறது. உள்தோலை மட்டும் ஓரம் விட்டுக் கிறைண்டரால் வெட்டி எடுத்தேன். வெளித்தோலைத் தொடவில்லை, அதுதான் புதுப் பலகைக்கு அச்சு. தோல் கழன்றதும் வந்த மணம் பழைய சாக்கு மணம். பிளைவூட்டை உளி வைத்துத் தட்ட வேண்டியிருக்கவில்லை. மேல் பாதியைத் தேங்காய்த் துருவலாகக் கரண்டியால் அள்ளினோம்.

அள்ளும்போதுதான் மாமா ஒன்றைக் கவனித்தார். “கீழ்ப்பக்கம் நல்லாத்தானே இருக்கு?” உண்மை. அடியில், தண்ணீர் வடிய விடும் துளையைச் சுற்றிப் பலகை நனைந்திருந்தது, ஆனால் இறுக்கமாக இருந்தது. எஞ்சினின் பிடி திருகுகள் அழுத்தின இடம்கூட நசுங்கியிருந்ததே தவிர உக்கவில்லை. உக்கல் முழுவதும் உச்சியில் தொடங்கி, கீழே வரவரக் குறுகியது. உச்சியில் அது எங்கே தொடங்கியது என்று பார்த்தால், வரிசையாக ஆறு திருகாணித் துளை.

அந்த ஆறு துளையும் எப்படி வந்தன?

அவுட்போர்ட், அதாவது பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்கள் ஒரே உயரத்தில் வருவதில்லை. பிடியிலிருந்து புரொபெல்லர் வரை கீழே இறங்கும் பகுதிதான் கால். கால் குட்டையான எஞ்சின் 15 அங்குலப் பலகைக்கு, கால் நீண்டது 20 அங்குலப் பலகைக்கு. இந்தப் போட்டின் பலகை பதினைந்தரை அங்குலம். முதல் சொந்தக்காரரின் 15 குட்டைக்கால், அப்படியே பொருந்தியது. இரண்டாமவருக்குக் கிடைத்த 40 நீண்ட கால். அதை அப்படியே மாட்டினால் புரொபெல்லர் ஐந்து அங்குலம் கூட ஆழத்தில் இறங்கும். வாவியில் எல்லா இடமும் தட்டும், இழுவையும் கூடும். அதனால் ஒரு ஐந்து அங்குல மரக்கட்டையைப் பலகையின் தலையில் வைத்து, மேலிருந்து ஆறு நீளத் திருகாணி இறக்கியிருக்கிறார்கள். பிளைவூட்டின் வெட்டுவாய், அதாவது அடுக்குகள் திறந்து தெரியும் ஓரம், மேல்நோக்கி இருக்கும் இடம் அது. திருகாணித் துளைக்குப் பசையோ றெசினோ போடவில்லை. ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு அலையும் அந்த ஆறு குழாய் வழியாக நேரே பலகையின் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிடி ஐந்து அங்குலம் மேலே போனதால் எஞ்சினின் தள்ளுவிசை பலகையைப் பின்னுக்கு நெம்பும் நெம்புகோலும் அவ்வளவு நீண்டது. அழுகின பலகை, நீண்ட நெம்பு. வெடிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே ஊர் சொன்ன காரணத்தை நான் திருத்திக்கொண்டேன். நாற்பதின் இழுவை பலகையை உடைக்கவில்லை. நாற்பதின் கால் உடைத்தது. இதே நாற்பது குட்டைக்காலாக வந்திருந்தால், இந்தப் போட்டுக்கு அது பாரமும் வலுவும் கூடியதாக இருந்தாலும், பலகை இன்னும் பல வருடம் நின்றிருக்கும் என்பது என் முடிவு. எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் குதிரைவலுவைக் கேட்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், எத்தனை வருடம் ஓடினது என்று கேட்கிறார்கள். அளவுநாடாவோடு போகிறவரை நான் கண்டதில்லை.

திருத்தின விதம்

பழைய பலகை முழுவதையும் எடுத்து, வெளித்தோலின் உள்முகத்தை 36ஆம் நம்பர் கடதாசியால் வெள்ளை தெரியும்வரை தேய்த்தேன். கண்ணாடித் தூசு கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஏறினால் இரண்டு நாள் தூக்கமில்லை. நீளக்கை சட்டை, முகமூடி, வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிப்பு. சுடுதண்ணீரில் குளித்தால் தூசு இன்னும் ஆழமாக ஏறும் என்று கட்டாரில் ஒரு மலையாளி அண்ணன் சொல்லித் தந்தார். இன்றுவரை மீறவில்லை.

புதுப் பலகைக்கு 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டு. ஒவ்வொன்றின் ஓரத்துக்கும் மூன்று தடவை றெசின் குடிக்கவிட்டேன், தண்ணீர் நுழைவது எப்போதும் ஓரத்தால்தான். வெளித்தோலுக்கும் முதல் பலகைக்கும் இடையில் வெறும் றெசின் பூசினால் காற்றுக் குழி நிற்கும். அதனால் றெசினில் நறுக்கின மெற்றைக் கலந்து களியாக்கி அப்பி, குறுக்குச் சட்டமும் போல்ட்டும் வைத்து இறுக்கினோம். ஓரங்களில் களி பிதுங்கி வந்தால்தான் உள்ளே இடைவெளி இல்லை என்று அர்த்தம். பிறகு உள்பக்கம் மெற், ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி), மெற், ரோவிங், மெற் என்று ஐந்து அடுக்கு, பக்கச் சுவரிலும் அடியிலும் சாண் அளவு ஏறி இறங்கும்படி. ஒவ்வொரு அடுக்கும் முந்தினதைவிட இரண்டு விரல் அகலம். எல்லா அடுக்கையும் ஒரே கோட்டில் முடித்தால் அந்தக் கோட்டில்தான் அடுத்த வெடிப்பு வரும்.

பலகைக்கும் அடிக்கும் இடையில் இரண்டு முக்கோண முட்டுகளும் வைத்தேன். பழைய போட்டில் இவை இருக்கவே இல்லை. எஞ்சின் தள்ளுவது பலகையை, ஆனால் நகர வேண்டியது முழுப் போட். அந்த விசையை அடிக்குக் கடத்த ஒரு வழி வேண்டும்.

மொத்தமாக 28 கிலோ றெசின் போனது. சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மெற்றுக்கு அதன் நிறையைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட றெசின் பிடிக்கும். ரோவிங்குக்கு ஏறத்தாழச் சமநிறை. அதற்கு மேல் ஊற்றினால் பலம் கூடாது, பாரம்தான் கூடும்.

ஹார்ட்னர் விடயத்தில் ஒரு பிழை விட்டேன். நம் வெயிலுக்கு நூற்றுக்கு ஒன்று போதும். ஒரு காலை பனி ஈரம் இருந்தது, இறுக நேரமெடுக்கும் என்று நினைத்து இரண்டரை போட்டேன். வாளியில் இரண்டு கிலோ கலவை. அரை வாளி பூசி முடிக்குமுன் கையில் சூடு தெரிந்தது, பிறகு புகை. வாளியின் அடி இளகித் தொங்கியது. மாமா மண்வெட்டியால் மணலை அள்ளிப் போட்டு அதை வேலிக்கு வெளியே தள்ளினார். மெல்லிய அடுக்காகப் பூசினால் சூடு வெளியே போய்விடும். வாளிக்குள் மொத்தமாக நின்றால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அன்றிலிருந்து ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்கவில்லை, ஒன்பது மணிக்கு முன் தொடங்கவும் இல்லை. அப்புறம், கோபால்ற் (இறுகுவதை முடுக்கும் மருந்து) கலக்காத றெசின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: கோபால்ற்றை முதலில் றெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பின்தான் ஹார்ட்னர். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். பகிடி இல்லை.

அடியில் இருந்த மூன்று சின்ன வட்டங்களும் கொப்புளம். ஊசியால் குத்தியபோது வினாகிரி மணத்தோடு நீர் வந்தது. தேய்த்து, காயவிட்டு, மெற்றால் மூடினேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மிதப்புக்கு மச்சான் ரெஜிபோம் (தெர்மோகோல்) வாங்கி வந்துவிட்டான். அதன் மேல் ஒரு சொட்டு றெசின் விட்டுக் காட்டினேன். வெயிலில் வைத்த ஐஸ்கிறீம் போல அப்படியே குழிந்து போனது. கடைசியில் ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கான்கள் 36, மூடியை இறுக்கி, பழைய வலைத்துண்டில் கட்டிக் குறுக்குப் பெட்டிகளுக்குள் அடைத்தோம். கணக்கு இப்படி: பைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம், ஆகவே நீரில் மூழ்கின ஓட்டின் பாரம் மூன்றில் ஒன்றுதான், நூறு கிலோவுக்குள். எஞ்சின், கருவிகளுக்கு முப்பது. கான்கள் 180 லீற்றர். போட் நிரம்பினாலும் தாழாது, பிடித்துக்கொண்டு நிற்கலாம். பெட்டிகளின் அடியில் வடிதுளையும் வைத்தோம். இனித் தண்ணீர் போனாலும் தங்காது.

பூச்சு முடிந்து திரும்பத் தராசில் ஏற்றினோம்: 301. மில்லுக்காரப் பொடியன் சிட்டையில் “போட் 1” என்று எழுதி நெல்லுக் கணக்கோடு குத்தி வைத்தான்.

எஞ்சின்

இப்போதுதான் மச்சானின் கேள்விக்கு வந்தோம். நான் திருப்பிக் கேட்டேன்: “எங்க ஓடப் போறாய், எத்தனை பேரோட?” கொஞ்சம் யோசித்துச் சொன்னான். கிழமையில் ஐந்து நாள் வாவிக்குள் வலை. சனி ஞாயிறில் கண்டல் காடும் பறவையும் பார்க்க வருகிறவர்களை ஏற்றுவது. மண்டூர்க் கந்தன் திருவிழாக் காலத்தில் வீட்டு ஆட்களோடு ஒரு பயணம். கடலுக்கு, கச்சான் காலத்தில் கடல் படுத்திருக்கும்போது எப்போதாவது. வாடை தொடங்கினால் போட் கரையில்.

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம், ஆனால் ஆழம் குறைந்த நீர். முழுக்க வலையும் தோணியும். வேகமாக ஓட வேண்டிய நீர் அல்ல, ஓடினால் தோணிக்காரர் ஏசுவார்கள். ஏசுவது நியாயம்தான்.

ஒரு போட் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. நீரில் படும் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நொட் கணக்கில் அது வரும். நம்முடையதற்குப் பதினாறரை அடி, ஏறத்தாழ ஐந்தரை நொட், மணிக்குப் பத்துக் கிலோமீற்றர். இதற்கு ஐந்தாறு குதிரைவலு போதும். இதற்கு மேல் போக வேண்டுமென்றால் போட் எழும்பி நீரின் மேல் சறுக்க வேண்டும். அதற்கு ஒரு குதிரைவலுவுக்கு இருபது, இருபத்தைந்து கிலோவுக்கு மேல் பாரம் இருந்தால் சிரமம். முப்பதைத் தாண்டினால் இழுபறி.

ஓடு 301, எஞ்சின் 36, எண்ணெய் 20, இரண்டு ஆட்கள் 140, வலை 30: மொத்தம் 527. பதினைந்தால் பிரித்தால் 35. வலையை இறக்கிவிட்டு ஐந்து பேர் ஏறினால் 707, அதாவது 47, எழும்பாது. இருபத்தைந்து பூட்டினால் இரண்டு பேரோடு 22, சுகமாக எழும்பும். நிரம்பின பாரத்தில் 29, மனமிருந்தால் எழும்பும். நாற்பதுக்கு எல்லாமே எழும்பும், ஆனால் எஞ்சின் மட்டும் எழுபது கிலோவுக்கு மேல். முழு வேகத்தில் இரண்டு-ஸ்ட்ரோக் 15 மணிக்கு ஏழு லீற்றர் அளவு குடிக்கும், 25 பதினொன்று பன்னிரண்டு, 40 பதினெட்டுக்கு மேல்.

மாமா மட்டும் ஒரு நியாயமான மறுப்புச் சொன்னார். முகத்துவாரத்தில் மணல் திட்டில் அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது இரண்டு அலைக்கு நடுவில் சட்டென்று பாய வேண்டும், பதினைந்து அங்கே கைவிடும் என்றார். சரிதான். அவர் நாற்பது வருடம் அந்த வாயால் போய் வந்தவர். கடல்தான் தொழில் என்றால் நானும் 25 என்றே சொல்லியிருப்பேன், முட்டுகளையும் இன்னும் தடிப்பாக வைத்திருப்பேன். ஆனால் இது வாவிப் போட். கடலுக்குப் போகும் நாளில் இரண்டு பேருக்கு மேல் இல்லை, வெளிச்சவீட்டடியில் நின்று வாயைப் பார்த்து அலை வெள்ளையாக உடைந்தால் திரும்புவது என்று பேசி முடித்தோம்.

மண்ணெண்ணெய் எஞ்சின் பற்றியும் பேச்சு வந்தது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய் விற்ற காலத்தில் அதற்கு மறுபேச்சு இல்லை. 2022 ஆவணியில் அது ஒரே தாவாக 340க்கு ஏறியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கும் காலம் போய்விட்டது. பெற்றோலில் கிளப்பி, பெற்றோலில் நிறுத்த வேண்டும், வலுவும் குறைவு. வலை இழுக்கும்போது மணிக்கணக்காக மெதுவாக ஓடினால் பிளக்கில் கரி அடைக்கும். வாவிக்கு அது பொருந்தாது. நாலு-ஸ்ட்ரோக் 15 கிடைத்திருந்தால் என் கை அதற்குத்தான் உயர்ந்திருக்கும். எண்ணெய் மூன்றில் ஒன்று மிச்சம், சத்தமும் குறைவு. ஆனால் 2022இல் ரூபாய் விழுந்த விழுகைக்குப் பிறகு புது எஞ்சின் விலை மச்சானின் கைக்கு எட்டவில்லை. பாவித்த, குட்டைக்கால், இரண்டு-ஸ்ட்ரோக் 15 என்று தேடத் தொடங்கினோம்.

வாழைச்சேனைப் பக்கம் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. போனோம். விற்கிறவர் எங்கள் கண் முன்னால் ஒரே இழுவையில் கிளப்பிக் காட்டினார். மச்சானின் முகம் மலர்ந்தது. நான் மூடியைக் கழற்றி சிலிண்டர் தலையில் கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வருமுன்பே அரை மணிநேரம் ஓட விட்டிருக்கிறார். “அண்ணன், நாளைக்கு விடிய வாறம், அதுவரைக்கும் தொடாதீங்க” என்றேன். மறுநாள் குளிரில் ஐந்தாவது இழுவைக்குக் கிளம்பியது. அது மோசமில்லை, ஆனால் முந்தின நாள் விலையும் நிற்கவில்லை.

அழுத்தம் பார்த்தோம்: ஒரு சிலிண்டர் 118, மற்றது 112 பீ.எஸ்.ஐ. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து வீதத்துக்குள் இருந்தால் பயப்படத் தேவையில்லை. காலின் அடித் திருகாணியைக் கழற்றி கியர் எண்ணெயை ஒரு யோகட் கோப்பையில் பிடித்தேன். பால்தேத்தண்ணி நிறம். தண்ணீர் கலந்திருக்கிறது. புரொபெல்லரைக் கழற்றினால் அதன் பின்னால் தண்டைச் சுற்றி நைலோன் தங்கூசி நூல் தலைமயிர்க் கொண்டை போல இறுகியிருந்தது. தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் அதனால்தான் அறுந்திருக்கிறது. சீல், தண்ணீர் பம்பின் இம்பெல்லர், பிளக் எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கினோம். கிளப்புமுன் அளவுநாடாவை எடுத்துக் காலை அளந்தது மச்சான்தான்.

தண்ணீரில்

2023 ஆனியில் இறக்கினோம். முதல் ஓட்டத்திலேயே என் இரண்டாவது பிழை தெரிந்தது. பலகையைத் திரும்பக் கட்டும்போது மாமா சொன்னார் என்று உச்சியில் ஒரு அங்குலம் கூட விட்டிருந்தேன், அலை ஏறாமல் இருக்கட்டும் என்று. பதினாறரை அங்குலமாகிவிட்டது. நேரே ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. கல்லடிப் பாலத்துக்குக் கீழே திரும்பியபோது எஞ்சின் திடீரென்று கத்தியது, போட் நின்றது. புரொபெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு ஓட்டின் அடிமட்டத்துக்கோ அதற்கு ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். நம்முடையது மேலே நின்றதால் திரும்பும்போது புரொபெல்லர் காற்றை இழுத்துக்கொண்டது. அன்றிரவே பலகையின் உச்சியை எஞ்சின் அகலத்துக்கு ஒரு அங்குலம் வெட்டி, வெட்டுவாயை மூன்று அடுக்கு மெற்றால் மூடினேன். வெட்டுவாயைத் திறந்து விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது புரொபெல்லர். எஞ்சினோடு வந்தது 11 அங்குலப் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம். ஐந்து பேரோடு திறந்து விட்டால் சுற்று 4300க்கு மேல் ஏறவில்லை. இந்த எஞ்சின் முழுத் திறப்பில் 4500க்கும் 5500க்கும் இடையில் சுற்ற வேண்டும். குறைந்த சுற்றில் முக்கவிட்டால் பிஸ்டனுக்குத்தான் கேடு. பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் சுற்று ஏறத்தாழ இருநூறு கூடும். 9 அங்குலம் மாற்றினோம். நிரம்பின பாரத்தில் 4700, இரண்டு பேரோடு 5200. போனில் பார்த்த வேகம் இரண்டு பேரோடு மணிக்கு 27 கிலோமீற்றர், ஐந்து பேரோடு 13. பதின்மூன்றில் கண்டல் காட்டைப் பார்க்கிறவர்கள் யாரும் முறையிட்டதில்லை.

கிளம்பும்போது அணியம் வானத்தைப் பார்த்தது. எண்ணெய்த் தாங்கியைப் பின்னாலிருந்து நடுப்பெட்டிக்கு முன்னால் கொண்டு போனதும், எஞ்சினின் சாய்வு ஊசியை ஒரு துளை உள்ளே மாற்றியதும் அது அடங்கியது. காசு செலவில்லாத திருத்தம். ஆனால் முதலில் ஒருவரும் அதை நினைக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து

2024 ஆவணியில் போட்டைக் கரைக்கு இழுத்துத் திரும்ப நிறுத்தோம். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது அது ஒன்றுதான். 304. மூன்று கிலோ கூடியிருக்கிறது, அதில் இரண்டு கிலோ மச்சான் பூசின நீல நிறப் பெயின்ற். பலகை முழுவதும் ‘டிக்’. கியர் எண்ணெய் தேன் நிறம்.

சரியாக வராததும் உண்டு. பக்கச் சுவர் மெல்லிசு என்று தெரிந்தும் உள்ளே விலா வைக்காமல் விட்டேன், காசு முடிந்திருந்தது. இடது பக்கத்தில், வலை இழுக்கும்போது ஆள் சாயும் இடத்தில், மயிரிழை வெடிப்பு நாலைந்து ஓடியிருக்கிறது. இப்போதைக்கு ஜெல்கோட்டில், அதாவது மேல் பூச்சில், மட்டும். அடி ஏராவும் (அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்து, அணியத்தடியில் இழை தெரிகிறது. வாடைக்குப் போட்டை ஏற்றும்போது இரண்டு பக்கமும் மும்மூன்று விலாவும் ஏராவுக்கு நாலு அடுக்கும் வைக்க வேண்டும். ஆறு கிலோ றெசின் போதும் என்று நினைக்கிறேன்.

அந்த ஐந்து அங்குலக் கட்டை இன்னும் மாமாவின் வளவில் கிடக்கிறது, ஆறு திருகாணியோடு. போன மாதம் நாலாவது வாடிக்காரர், ஒப்பிட்டுப் பார்க்கத் தன் போட்டைத் தந்தாரே அவர், வந்து அதைக் கேட்டார். மலிவாக ஒரு 40 கிடைத்திருக்கிறதாம். மச்சான் உள்ளே போய் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தான்.